தரைப்பாலத்து நீலக் கயிறு

ஒரகடத்தில் கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைச் சேர்த்து முறுக்கி ஹார்னஸ் கட்டிக் கொடுக்கிற அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேருகிற எல்லோரும், கேன்டீனில் எந்தக் கிழமை முட்டை போடுவார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே யாக்கோபு டிரைவரின் கதையைத் தெரிந்துகொண்டுவிடுவார்கள்.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் மழை. காலை ஷிப்ட் முடிந்து ஏழாம் நம்பர் பஸ் முப்பத்தெட்டுப் பெண்களோடு மண்ணூர் நோக்கிப் போனது. ஊருக்கு முந்தைய தரைப்பாலத்தில் நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டது. மேலே இருக்கிற ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்து, தண்ணீர் படிக்கட்டைத் தாண்டி உள்ளே வந்தது. சிவப்பு ரெயின்கோட் போட்டிருந்த யாக்கோபு, சீட்டுக்கு அடியிலிருந்து நீலக் கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார். கரையில் இருந்த பனைமரத்தில் கயிற்றைக் கட்டி, ஒவ்வொருத்தியாகக் கரை சேர்த்தார். அத்தனை நேரமும் செந்தாமரை என்கிற பெண் மட்டும் சீட்டைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மாவ வரச் சொல்லுங்க" என்று ஒப்பாரி வைத்தாளாம். எல்லாம் முடிந்ததும், தலைகள் சரியாக இருக்கின்றனவா என்று டிரைவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "எண்ணிக்கை சரியா கீதா?"

இந்தக் கதையை பிரவீனாவைப் போலச் சொல்ல ஆள் கிடையாது. மண்ணூர்க்காரி. இப்போது மூன்றாவது லைனுக்கு சூப்பர்வைசர். சொல்லும்போது வலது உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். "கயிறு இங்கதான் அறுத்துச்சி. தண்ணி இழுக்குது, கயிறு அறுக்குது, விடவும் முடியல." டிரெய்னிப் பெண்கள் வாய் பிளந்து கேட்பார்கள். செந்தாமரையும் அதே லைனில்தான் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். கதையில் தன் இடம் வரும்போது மற்றவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்துவைப்பாள். பிரவீனாவுக்கு அவள் சேர்ந்த நாளிலிருந்தே கூட்டாளி.

இந்த வருஷ ஆண்டு விழாவில், ரிட்டயர் ஆகி மூன்று வருஷமான யாக்கோபுவைக் கூப்பிட்டு கேடயம் கொடுப்பது என்று முடிவானது. ஹெச்.ஆர். மேனேஜர் வசந்தகுமார் பிரவீனாவைக் கூப்பிட்டார்.

"பத்து வருஷம் ஆச்சும்மா. அவர் வாயாலேயே கேட்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டா. மேடையில படிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பிரவீனா ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தண்டலத்துக்குப் போனாள். யாக்கோபு சர்ச்சிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பள்ளிக்கூட வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது அதைத்தான் ஓட்டுகிறார்.

"வாம்மா பிரவீனா. இன்னா, எல்லாரும் சௌக்கியமா?"

வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் துணியைப் பக்கெட்டில் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, பத்து வருசமா சொல்லிக்கினேதானே கீறேன், நான் ஒண்ணுமே பண்ணலன்னு?"

"அதுதாண்ணா உங்க பெரிய மனசு."

"பெரிய மனசும் இல்ல, சின்ன மனசும் இல்ல. எனக்கு நீச்சலே தெரியாது. தண்ணி உள்ள வந்ததும் ஸ்டியரிங்க கெட்டியா புடிச்சிக்கினு கண்ண மூடிட்டேன். பைபிள் சங்கீதம் சொல்லிக்கினு இருந்தேன். கடைசியில ரெண்டு பொண்ணுங்க வந்து, 'இறங்குண்ணா'ன்னு ஆளுக்கொரு கை புடிச்சி இட்டுக்கினு போனாங்க. கரை ஏறினப்புறம்தான் கண்ணத் தொறந்தேன். முப்பத்தெட்டு பொண்ணுங்களும் அங்க நிக்குது. கடைசி ஆளு நான்தான்."

பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் தன்னடக்கத்துக்கு ஒரு அளவு வேண்டாமா என்று நினைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

"பாரு, நீயும் நம்பல. நான் இல்லன்னு சொல்லச் சொல்ல, 'எவ்ளோ அடக்கம் பாரு'ன்னு இன்னும் ஒரு படி மேல தூக்கி வச்சாங்க. அப்பால விட்டுட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு மருமவன் வந்திருந்தான். பேச்சுவாக்குல, 'கயிறு வழுக்கிச்சு மாப்ள, இருந்தாலும் விடல'ன்னு நானே அவனாண்ட சொல்லிக்கினு கீறேன்! சொல்லிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சி. கயிறே இல்லம்மா அந்த பஸ்ல."

"அப்ப யாருண்ணா காப்பாத்தினது?"

"நீயும்தானே பஸ்ல இருந்த? என்னக் கேக்கற?" என்றார் அவர். "ஒண்ணு செய்யி. உன் பக்கத்துல உக்காந்து வருமே ரஞ்சனி, அது அந்த மழையோட வேலைய விட்டுட்டுச்சி. சுங்குவார்சத்திரத்துல தையல் கடை போட்டிருக்குது. அது கண்ண மூடியிருக்காது, போய்க் கேளு."

மறுநாள் கேன்டீனில், அந்த பஸ்ஸில் வந்தவர்கள் என்று பெயர் பெற்ற ஏழு பேரைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சிவப்பு ரெயின்கோட். நீலக் கயிறு. எண்ணிக்கை சரியா கீதா. ஒரு எழுத்து மாறவில்லை. அதைக் கேட்டுத் திருப்திப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. போன செவ்வாய்க்கிழமை சாம்பாரில் முருங்கைக்காய் போட்டார்களா இல்லையா என்று இதே ஏழு பேர் ஏழு விதமாகச் சண்டை போட்டவர்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய விஷயத்தில் மட்டும் எப்படி இத்தனை ஒற்றுமை?

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சுங்குவார்சத்திரம் பஸ் ஏறினாள்.

ரஞ்சனியின் கடை பஸ் ஸ்டாப் எதிரே, டீக்கடைக்கு மேல்மாடி. மூன்று மிஷின், சுவர் நிறைய ரவிக்கைத் துணி. ரஞ்சனி அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். டீ சொல்லி அனுப்பினாள். பிரவீனா கயிற்றைப் பற்றிக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள். 

"கயிறா? எந்தக் கயிறு? ஷாலுடி! லைனுக்குள்ள ஷால் போடக்கூடாதுன்னு லாக்கர்ல வைப்போமே. வூட்டுக்குப் போறப்ப எல்லார் கழுத்துலயும் கெடந்துச்சி. அத்தனையும் முடிச்சு போட்டு ஒண்ணாக்கினோம். ரெண்டு ரெண்டா முறுக்கி, ஹார்னஸ் கட்டுற மாதிரியே. அந்த வேலையில நம்மள அடிச்சிக்க ஆளு உண்டா?"

"யாருடி கரைக்கு எடுத்துக்கினு போனது?"

"செந்தாமரைதான். வேற யாரு? தரைப்பாலத்து ஓரக்கல்ல காலால தடவித் தடவிப் போனா. ஒருவாட்டி தண்ணி அவள இடுப்போட சாய்ச்சிடுச்சி. நாங்கல்லாம் கத்துறோம். எழுந்து நின்னு திரும்பிப் பாத்து எங்களத் திட்டுறா, 'கத்தாதீங்கடி, எனக்குக் காலு எங்க கீதுன்னு தெரீல'ன்னு. பனைமரத்துல கட்டிட்டுத் திரும்பி வந்தா. நாலு வாட்டி போய் வந்தா. டிரைவரண்ணன இட்டுக்கினு போனதும் அவளும் நானும்தான்."

பிரவீனா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். செந்தாமரையா? சீட்டைக் கட்டிக்கொண்டு அழுத செந்தாமரையா?

"எனக்கு ஏண்டி இது எதுவுமே ஞாபகம் இல்ல?" என்றாள். "நான் உன் பக்கத்துல உக்காந்திருந்தேனே."

ரஞ்சனி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ எங்க இருந்த? மஞ்சக்காமாலைன்னு மூணு வாரம் வூட்ல படுத்துகினு இருந்தியே. உன் சீட்ல என் சாப்பாட்டுப் பைய வச்சிருந்தேன். தண்ணில போயிடுச்சி, புது டிபன் பாக்ஸ்."

பிரவீனா வலது கையை விரித்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். கயிறு அறுத்த இடம் இப்போதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நாக்கில் கீழாநெல்லிக் கசப்பு எங்கிருந்தோ வந்தது. ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, உப்பில்லாத கஞ்சி குடித்த டிசம்பர். அது ஒரு பக்கம் இருந்தது. பஸ்ஸும் தண்ணீரும் ஒரு பக்கம் இருந்தன. இரண்டும் ஒரே வாரம் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் சேர்த்துப் பார்த்ததில்லை.

ரஞ்சனி சொல்வதும் பத்து வருஷத்து ஞாபகம்தானே என்று அடுத்த நாள் முழுக்கத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்த மழைக்குப் பிறகு உடனே வேலையை விட்டுப் போன இன்னும் இரண்டு பெண்களின் நம்பரை ரஞ்சனியே கொடுத்திருந்தாள். போன் போட்டாள். ஒருத்தி பனைமரம் என்றாள், இன்னொருத்தி ஊர்ப் பெயர்ப் பலகைக் கம்பம் என்று சத்தியம் செய்தாள். தண்ணீர் முழங்கால் என்றாள் ஒருத்தி, மார்பு என்றாள் மற்றவள். ஆனால் இருவரும் ஷால் என்றார்கள். இருவரும் செந்தாமரை என்றார்கள்.

கம்பெனியில் தங்கியவர்களுக்கு ஒரு கதை, போய்விட்டவர்களுக்கு வேறு கதை. நடுவில் என்ன நடந்தது?

வசந்தகுமாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தன் பழைய லீவ் கணக்கையும் பார்க்கச் சொன்னாள். அவர் கம்ப்யூட்டரில் தேடி, திரையை அவள் பக்கம் திருப்பினார். நவம்பர் இருபத்து மூன்றிலிருந்து டிசம்பர் பதினான்கு வரை மெடிக்கல் லீவ். கண்ணெதிரே இருந்தது.

வசந்தகுமார் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். அப்புறம் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆல்பத்தை எடுத்தார்.

"சேஃப்டி வீக் டிராமா ஞாபகம் இருக்கா? அந்த மார்ச்ல போட்டோமே?"

போட்டோவில் கேன்டீன் மேடை. அட்டையில் செய்த பஸ். சிவப்பு ரெயின்கோட்டில், ஒல்லியாக, மீசை இல்லாத வசந்தகுமார். அவர் கையிலிருந்து ஒரு நீலக் கயிறு போகிறது. அதன் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நிற்பவள் பிரவீனா.

"கயிறு பேக்கிங் செக்‌ஷன்ல கேட்டு வாங்கினது," என்றார் அவர். "ரெயின்கோட் என்னோடது. பைக்ல வர்றதுக்கு வாங்கினேன். பத்து நிமிஷம் டிராமா எழுதணும்னாங்க. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. டிரைவர்தானே காப்பாத்தியிருப்பார்னு நானா நினைச்சிக்கிட்டேன். யாரையும் விசாரிக்கல. சிரிப்புக்கு ஒரு அழுற பொண்ணு வேணும்னு ஒரு பேர் கேட்டேன், யாரோ செந்தாமரைன்னு சொன்னாங்க. 'எண்ணிக்கை சரியா கீதா'ன்னு கடைசி டயலாக் எழுதினதும் நான்தாம்மா. அதுக்கு நல்லா கை தட்டினாங்க."

அந்த டிராமா மூன்று ஷிப்டுக்கும் மூன்று தடவை நடந்தது. மழையோடு வேலையை விட்டுப் போனவர்கள் மட்டும் அதைப் பார்க்கவில்லை. போட்டோ இரண்டு வருஷம் கேன்டீன் சுவரில் மாட்டியிருந்தது. பிரவீனாவுக்கு இப்போது புரிந்தது. கயிறு அவள் கையை அறுத்தது நிஜம். தண்ணீர்தான் இல்லை. வசந்தகுமார் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

அவளுக்கு முதலில் வெட்கம் பிடுங்கியது. எத்தனை டிரெய்னிகளிடம் கையை விரித்துக் காட்டியிருப்பாள்! அப்புறம் சிரிப்பு வந்தது. வசந்தகுமாரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் பிரவீனாவுக்கு செந்தாமரையின் முகம் நினைவுக்கு வந்தது.

தீயணைப்பு, முதலுதவி எல்லாம் பார்க்கிற எமர்ஜென்சி டீமுக்கு அவள் பெயரை மூன்று தடவை கொடுத்திருக்கிறார்கள். மூன்று தடவையும், "நானா? ஆபத்துன்னா அழுறவ நான். வேற ஆளப் பாருங்க" என்று சொல்லித் தப்பித்திருக்கிறாள். லைன் லீடர் வேலையையும் அப்படித்தான் வேண்டாம் என்றாள். இருபத்து நான்கு வயதிலிருந்து தன்னை ஒரு கோழை என்று நம்பி, அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வருகிறாள்.

அடுத்த ஞாயிறு ரவிக்கை அளவு கொடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி அவளை சுங்குவார்சத்திரத்துக்கு அழைத்துப் போனாள் பிரவீனா.

மாடிப்படியில் செந்தாமரையின் தலை தெரிந்ததுமே ரஞ்சனி மிஷினை விட்டு எழுந்துவிட்டாள். "வாடி என் குலதெய்வமே! இத்தினி வருசமா இந்தப் பக்கம் வராம எங்கடி போன?"

"இன்னாடி இது, வரவேற்பெல்லாம் பலமா கீது?" என்று செந்தாமரை சிரித்தாள். ரஞ்சனி அவளை உட்கார வைத்து, அன்று நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். செந்தாமரை பாதி வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"சும்மா இருடி. நான் அழுதேன். எனக்கு நல்லா ஞாபகம் கீது. தேம்பித் தேம்பி அழுதேன்."

"அழுத. யாரு இல்லன்னாங்க? டிரைவரண்ணன உக்கார வச்சிட்டு, தலைய எண்ணி முடிச்சிட்டு, அந்தப் பனைமரத்தடியில உக்காந்து அழுத. கால் மணி நேரம் அழுத. நான்தான் உன் முதுகத் தடவிக்கினு இருந்தேன். அழாம இருந்தாத்தான் தப்பு."

செந்தாமரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே டீக்கடையில் யாரோ பெங்களூர் பஸ்ஸை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ரஞ்சனி வெட்டித் துண்டாய்க் கிடந்த இரண்டு துணியை எடுத்து அவள் மடியில் போட்டாள். "இத கட்டு பாக்கலாம்."

செந்தாமரை ஏதோ யோசனையில் துணிகளை எடுத்தாள். விரல்கள் தாமாகவே போயின. ஒரு சுற்று, உள்ளே விட்டு ஒரு இழு, மறுபடி குறுக்கே ஒரு சுற்று. ரஞ்சனி ஒரு முனையையும் பிரவீனா ஒரு முனையையும் பிடித்து இழுத்தார்கள். முடிச்சு அசையவில்லை.

"நாலு நாள் கழிச்சு என் ஷால எடுக்கப் போனேன். அவுக்கவே முடியல, வெட்டித்தான் எடுத்தேன்," என்றாள் ரஞ்சனி. "பச்சை ஷால். தீபாவளிக்கு எடுத்தது. அதுக்கு நீ எனக்கு ஒரு ஷால் வாங்கித் தரணும்."

செந்தாமரை வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்லு வழுவழுன்னு இருந்துச்சி," என்றாள் மெதுவாக. "பாசி. செருப்ப கழட்டிட்டேன்..." முடிச்சைத் தடவிப் பார்த்தாள். "இது நெஜமா ஞாபகம் வருதா, நீ சொன்னதால வருதான்னு எனக்கே தெரீலடி."

"எதா இருந்தா இன்னா? போனது நீதான்," என்றாள் ரஞ்சனி.

பிரவீனா அவள் கையைப் பிடித்தாள். "நான் அந்த பஸ்லயே இல்லடி. இல்லாத நானே பத்து வருசம் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன். இருந்த நீ வெக்கப்பட்டுக்கினு இருந்த. என்ன மன்னிச்சிடு."

"நீ இல்லயா?" செந்தாமரை நிமிர்ந்தாள். "உன் கையப் புடிச்சி நான் இறக்கி வுட்டேனே!" என்றாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கீழே இருந்து டீக்கடைக்காரர் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்.

ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வசந்தகுமார் கேடயத்தில் எழுத்தை மாற்றச் சொல்லிவிட்டார். மேடையில் மைக்கைப் பிடித்து, டிராமா எழுதியது தான்தான் என்றும், உண்மை இன்னது என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். யாக்கோபு எழுந்து, "பத்து வருசத்துக்கு அப்பால இன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கப் போறேன்" என்றதும் கொட்டகையே சிரித்தது. காப்பாற்றப்பட்டவர் என்கிற முறையில் அவரே செந்தாமரைக்குப் பொன்னாடை போர்த்தினார். ரஞ்சனி முன்வரிசையில் உட்கார்ந்து விசில் அடித்தாள்.

அதன் பிறகு, "ஏழாம் நம்பர் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் மேடைக்கு வாங்க" என்று வசந்தகுமார் கூப்பிட்டார். அந்த பஸ்ஸில் வந்தவர்களில் பத்தொன்பது பேர்தான் இன்னும் கம்பெனியில் இருக்கிறார்கள். மேடை ஏறியது அறுபதுக்கும் மேல். சிலர் அந்த வருஷம் வேலைக்கே சேரவில்லை. யாரும் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. வசந்தகுமார் போட்டோகிராபரை இன்னும் நாலடி பின்னால் போகச் சொன்னார்.

பிரவீனாவின் கால்களும் எழுந்தன. அவள் அவற்றை அடக்கி உட்கார வைத்தாள்.

"அம்மா, நீ போவலயா?" என்று பக்கத்தில் இருந்த அவள் மகள் அறிவுமதி கேட்டாள்.

"இல்லடா. நான் அன்னிக்கு வூட்ல படுத்துகினு கஞ்சி குடிச்சேன்."

சொல்லும்போது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. மேடையில் செந்தாமரை பொன்னாடை நழுவுவதைக்கூடக் கவனிக்காமல், பக்கத்தில் நின்ற, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் எதையோ கை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்கவே மனது நிறைந்தது.

திங்கட்கிழமை காலை, யாரும் கேட்காமலே, செந்தாமரை ஹெச்.ஆர். ரூமுக்குப் போய் எமர்ஜென்சி டீமில் தன் பெயரை எழுதிக்கொடுத்தாள். மாதக் கடைசியில் தீ ஒத்திகை வந்தது. சைரன் அடித்ததும் மூன்றாவது லைன் வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்டு நின்றுகொண்டு, முந்நூறு பேரையும் நான்கு நிமிஷத்தில் வெளியே அனுப்பினாள். கடைசியாகப் பேனாவைத் தேடிக்கொண்டு நிதானமாக வந்தவள் பிரவீனா.

"சூப்பர்வைசர்னா உனக்குத் தனி நெருப்பா?" என்று செந்தாமரை கத்தினாள். "நடடி வேகமா!"

பிரவீனா சிரித்துக்கொண்டே ஓடினாள்.